குன்றை வாங்கிக் கொடுத்த மல்சுன்

சோல்மே குன்றுப் பூங்காவின் வாசலில் ஒரு கருங்கல் பலகை இருக்கிறது. மேயர் பேர், கவுன்சிலர்கள் பேர், வரைபடம் போட்ட கம்பெனியின் பேர் எல்லாம் அதில் இருக்கின்றன. கல்லை வெட்டிய கடைக்காரன் பேர்கூட ஓர் ஓரத்தில் இருக்கிறது. பியோ மல்சுன் பேர் மட்டும் இல்லை. அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளிடம் சொன்னால், "கல்லுல பேரு எழுதறது செத்தவங்களுக்குடி. நான்தான் இன்னும் இருக்கேன்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குப் பெரிய மனசு. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

குன்றின் அடிவாரத்தில் எனக்கு எண்ணெய் மில். எள் வறுத்துப் பிழிந்து கொடுப்பேன். எதிர்க்கடை மல்சுன் அக்காவுடையது. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப்போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது எல்லாம் அங்கே நடக்கும். நடுவில் ஒரு கார் நுழையும் அளவுதான் தெரு. அவரவர் கடையில் உட்கார்ந்தபடியே பேசிக்கொள்வோம். எங்கள் வீட்டு விஷயம் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிவது அதனால்தான்.

மல்சுன் என்றால் கடைசிப் பெண் என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, இதோடு போதும் என்று அவள் தாத்தா வைத்த பேர். அதற்குப் பிறகும் இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். துணி கொடுக்க நாளாகி வாடிக்கையாளர் முறைத்தால், "என் பேரே சொன்ன வேலையைச் செய்யலை, நான் எங்க செய்யறது" என்பாள். எங்கள் தெருவுக்குக் குடிவந்த புதிதில் அவள், பஸ் ஓட்டும் கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு அறை, அதுவும் பாதி மண்ணுக்குள். ஜன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கும். உள்ளே உட்கார்ந்து தைத்தால் போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும்தான் தெரியும். செருப்பைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள்.

அந்த அறையில் குழந்தைகளை வைத்து வளர்க்க முடியுமா? காலையில் சோற்று உருண்டையைக் கையில் கொடுத்துக் குன்றுக்கு அனுப்பிவிடுவாள். குன்றுதான் அவள் வீட்டு முற்றம். அவள் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவில் முற்றம் உள்ள வீடே கிடையாது. ஊற்றில் தண்ணீர் பிடிப்பது, விடியற்காலையில் உடற்பயிற்சி என்று மரத்தில் முதுகை இடித்துக்கொள்வது, புருஷனோடு சண்டை போட்டுவிட்டுப் போய் உட்காருவது எல்லாம் அங்கேதான். அது யாருடைய நிலம் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

மேலே போகிற பாதையை ஒட்டி ஒரு சமாதி மேடு இருந்தது. கல் கிடையாது, பேர் கிடையாது, புல் மூடிய உருண்டை மேடு. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் சறுக்குமரம். ஒரு நாள் அக்காவின் மகன் அதிலிருந்து சறுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். குன்றில் நாம்குங் குலத்தின் மூத்த பாட்டனார் சமாதி இருக்கிறது என்று ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள். பெரிய மனிதர் தலையில் ஏறி விளையாடினால் சும்மா விடுவாரா என்று அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு குப்பி சோஜு சாராயமும் காய்ந்த மீனும் எடுத்துப்போய் ஊற்றிக் கும்பிட்டாள். இலையுதிர்காலப் பண்டிகைக்கு முன்னால் எல்லாரும் அவரவர் முன்னோர் சமாதியில் புல் வெட்டுவார்கள் இல்லையா, அந்த நாளில் இதற்கும் வெட்டினாள். பிள்ளைகளிடம், "ஏறணும்னா முதல்ல குனிஞ்சு கும்பிட்டுட்டு ஏறுங்க" என்று சொல்லிவைத்தாள். அது அப்படியே தெருப் பழக்கமாகிவிட்டது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள், அக்கா தரைக்கு மேலே ஒரு வீட்டுக்கு வந்தாள், தெருத் தலைவியும் ஆனாள். பெரிய பதவியென்று நினைக்க வேண்டாம். வார்டு ஆபீஸ் நோட்டீஸை வீடுவீடாகக் கொடுப்பது, தனியாக இருக்கிற கிழவர்கள் மூச்சு விடுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பது, குப்பையைத் தப்பான நாளில் போடுகிறவனைத் திட்டுவது, அவ்வளவுதான். ஒரு நாள் வார்டு கூட்டத்திலிருந்து வந்தவள் கடையைத் திறக்காமல் என் எள் மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"குன்று போகப்போகுதுடி" என்றாள்.

அவளோடு நகராட்சிப் பூங்காப் பிரிவிலிருந்து யேரின் என்ற பெண் வந்திருந்தாள். சின்னப் பெண், பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வாள். அவள்தான் விளக்கினாள். நாங்கள் பிறக்கும் முன்பிருந்தே நகர வரைபடத்தில் குன்றுக்குப் பச்சை அடித்துப் பூங்கா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதினார்களே தவிர வாங்கவில்லை. சொந்தக்காரனும் கட்ட முடியாது, நகராட்சியும் காசு கொடுக்காது. இப்படியே எத்தனை வருடம்தான் இன்னொருத்தன் நிலத்தைப் பிடித்து வைப்பது என்று சட்டம் வந்துவிட்டது. வருகிற ஜூன் கடைசிக்குள் வாங்காவிட்டால் பச்சை அழிந்துவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் இருபத்தைந்து மாடி கட்டலாம்.

"அப்போ வாங்கிப் போடுங்களேன்" என்றேன் நான்.

"எங்க ஊர்ல மட்டும் இப்படிப் பதினஞ்சு குன்று இருக்கும்மா. எல்லாத்துக்கும் எங்ககிட்ட வசதி இல்ல. எந்தச் சொந்தக்காரர் முதல்ல சம்மதம் குடுக்கறாரோ அந்தக் குன்றைத்தான் வாங்க முடியும்."

சொந்தக்காரர் நாம்குங் குலச் சங்கம். பங்காளிகள் நூறு பேருக்கு மேல். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கட்டடக் கம்பெனி ஆள் போய்க்கொண்டிருந்தான், தாக் என்று பேர். கையில் எப்போதும் பேரிக்காய்ப் பெட்டி இருக்கும். பணத்தில் நகராட்சி அவனுக்கு ஈடு கொடுக்க முடியாது. இதில் இன்னொரு சிக்கல். யார் வாங்கினாலும் மூத்த பாட்டனாரை அதிக மாதத்தில்தான் பெயர்த்தெடுப்போம் என்று குலத்தார் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடுதலாக வந்து விழுகிற அந்த மாதத்தில்தான் ஆவிகளுக்கு விடுமுறை, என்ன செய்தாலும் தோஷம் ஒட்டாது. சமாதி மாற்றுவதும் பிணத்துக்கான சணல் உடுப்பு தைத்து வைப்பதும் அப்போதுதான். நல்லவேளையாக அந்த வருடம் அதிக மாதம் கோடையின் தொடக்கத்திலேயே வந்தது, கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால். அதற்குள் குலம் ஒத்துக்கொண்டால் குன்று எங்களுக்கு. இல்லாவிட்டால் தாக் மூன்று வருடம் பேரிக்காய் கொடுத்துக்கொண்டே காத்திருப்பான், அவனுக்கென்ன.

அக்கா தையலைப் பாதியில் விட்டுவிட்டு இந்த வேலையில் இறங்கினாள். முதலில் பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று தெருக்காரர்கள் சொல்ல வேண்டும், அப்போதுதான் கோப்பு நகரும் என்றாள் யேரின். முதியோர் மன்றத்தில் கூட்டம் போட்டோம். அன்றைக்கு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கிழவர்களுக்குப் பந்து தட்டும் மைதானம் வேண்டும். சின்னப் பெண்களுக்கு வெறுங்காலோடு நடக்கச் செம்மண் பாதை வேண்டும். நாய் வளர்ப்பவர்களுக்கு நாய் ஓட இடம் வேண்டும். நாய் வளர்க்காதவர்களுக்கு நாயே வரக்கூடாது. ஒருவர் நீரூற்று கேட்டார். இன்னொருவர் குளிர்காலத்தில் அது உறைந்து விழுந்து சாகவா என்றார். அக்கா எழுந்து நின்றாள்.

"வாங்காத குன்றுல எவ்வளவு சாமான் வெப்பீங்க? மரம் இருக்கு, ஊத்து இருக்கு, பாதை இருக்கு. இருக்கறதை இருக்க விடுங்க. ஒரு கக்கூஸ் மட்டும் வேணும், அது உண்மை. எனக்கே வயசாயிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள், கழிவறை மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. ஒரு மாதம் கழித்து யேரின் வரைபடத்தோடு வந்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பாதையைத் தொடர்ந்து போனாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இது என்ன கட்டம்?"

"நீங்க கேட்ட கழிவறைதான், தலைவியம்மா. கொஞ்சம் சமதளம், பைப் போடவும் சுலபம்."

"அடிப் பாவி, அது நாம்குங் பாட்டனோட சமாதிடி. அவர் தலைமேல கக்கூஸ் கட்டினா நிலம் குடுப்பாங்களா?"

பாவம் யேரின் வெளுத்துப் போனாள். பதிவில் அங்கே சமாதி எதுவும் இல்லையே என்று தாள்களைப் புரட்டினாள். பதிவு கிடக்கட்டும், நான் முப்பது வருடமாகப் புல் வெட்டுகிறேன் என்றாள் அக்கா. கட்டத்தை அடித்து, கழிவறையை அடிவாரத்துக்கு இறக்கச் சொன்னாள். அதோடு விடவில்லை. இந்த விஷயத்தையே குலத்தாரிடம் சொல்லலாம், நம்மைப் பற்றி நல்ல எண்ணம் வரும் என்று கணக்குப் போட்டாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வசந்தம் தொடங்குகிற நேரம், எல்லாரும் முகக்கவசம் போட ஆரம்பித்த வருடம் அது. குலச் சங்க ஆபீஸில் பதினைந்து பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குலத் தலைவர் நாம்குங் தெக்சு. எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த முதுகு, சட்டைக் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார். தாக்கும் ஒரு மூலையில் பெட்டியோடு இருந்தான். நான் ஆளுக்கொரு பாட்டில் எள்ளெண்ணெய் எடுத்துப் போயிருந்தேன், வெறுங்கையோடு போகக்கூடாது என்று.

அக்கா நன்றாகத்தான் பேசினாள். குன்றைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, ஊற்றைப் பற்றி. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஐயா, உங்க மூத்த பாட்டனாரை நாங்க அநாதையா விடலை. முப்பது வருஷமா எங்க தெருப் பொம்பளைங்க ஒவ்வொரு பண்டிகைக்கும் அவருக்குப் புல்லு வெட்டி, சோஜு ஊத்திக் கும்பிடறோம்" என்றாள்.

குலத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, எங்க பாட்டனார் மேல உச்சில, வேலிக்குள்ள இருக்காரு. ஆள் உயரக் கல்லு நட்டிருக்கோம். பூட்டின வேலி. நீங்க எப்படி உள்ள போனீங்க?" என்றார் ஒருவர்.

உச்சியில் ஒரு கம்பி வேலி உண்டு. உள்ளே அடர்த்தியாகப் பைன் மரம், வெளியே 'கஷ்கொட்டை பொறுக்குபவர்கள் மீது வழக்குத் தொடரப்படும்' என்று பலகை. கஞ்சப்பயல்கள் தோட்டம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் அத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

"அப்போ பாதை ஓரத்துல, ஊத்துக்கு மேல இருக்கற மேடு..." என்று இழுத்தாள் அக்கா.

ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஊர் பேர் தெரியாத பிணத்துக்கு முப்பது வருடம் சோஜு ஊற்றியிருக்கிறார்கள் என்று ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டார். தாக் சத்தமாகவே சிரித்தான். அவன் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. முகக்கவசம் இருந்ததால் தலைவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. அவர் எழுந்து, "இன்னிக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போதுதான் திரும்பி, "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்டி. குன்று போனா என்னாலதான் போச்சு" என்றாள். பிள்ளைகளை மண்ணுக்கடியில் வளர்த்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். கொண்டுபோன எண்ணெயைத் திருப்பி வாங்கி வந்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஒரு வாரம் இருக்கும். மதியம் நான் அவள் கடையில் கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு குலத் தலைவர் தனியாக வந்தார். பாட்டனாரின் எலும்புகளைச் சுற்றுவதற்கு நல்ல சணல் துணி தைத்துத் தர வேண்டும் என்றார். அதிக மாதம் நெருங்கினால் அக்காவுக்கு இந்த வேலை நிறைய வரும், அதனால் ஆச்சரியப்படவில்லை. அவள் அளவு எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அந்த மேட்டுல புல்லு வெட்டச் சொல்லி உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? புசான் பக்கத்துலேருந்து ஒரு அம்மா?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. நாங்களாத்தான்."

"எதுக்காக?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "பொய் சொல்ல மாட்டேன். முதல்ல என் பையன் அதுலேருந்து விழுந்து பல்லு உடைஞ்சுது, அந்தப் பயத்துல வெட்டினேன். அப்புறம் பழகிடுச்சு. இந்த ஒரு வருஷமா உங்களைக் காக்கா பிடிக்கலாம்னும்தான். நிலம் வேணுமே."

"பிள்ளைங்க அது மேல ஏறுவாங்களா?"

நான் அக்காவின் காலை மிதித்தேன். அவள் கேட்கவில்லை. "ஏறும். சறுக்கும். ஆனா கும்பிட்டுட்டுத்தான் ஏறும். நான் அப்படித்தான் பழக்கியிருக்கேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது எங்க அம்மா" என்றார்.

பிறகு சொன்னார். அவருடைய அப்பாவின் மூத்த மனைவிக்குப் பிள்ளை இல்லை. சின்ன வீட்டுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். பையனைப் பெரிய வீட்டுப் பிள்ளையாகப் பதிந்து தூக்கிக்கொண்டார்கள். பெற்றவளைச் சாகும்வரை அவர் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டார். செத்த பிறகு குலத்தார் இருக்கும் உச்சியில் அவளுக்கு இடம் கிடையாது என்று பாதையோரத்தில், கல் இல்லாமல் புதைத்தார்கள். அவருடைய அக்காள் சண்டை போட்டுவிட்டுப் புசானுக்குப் போனவள் திரும்பவே இல்லை.

"நான் குலத் தலைவர் ஆனதுக்கப்புறம் வருஷா வருஷம் உச்சிக்குப் போற வழியில அந்த இடத்தைத் தாண்டித்தான் போவேன். பங்காளிங்க கூட இருப்பாங்க, நிக்க முடியாது. ஓரக்கண்ணால பார்ப்பேன். எப்பவும் புல்லு வெட்டியிருக்கும். எங்க அக்காதான் வந்து வெட்டிட்டுப் போறான்னு நினைச்சுக்குவேன். சரி, உயிரோடதான் இருக்கா, அவளாவது பார்த்துக்கறான்னு நிம்மதியாப் போயிடுவேன்."

அக்கா அளவு எழுதிய தாளைத் தள்ளி வைத்தாள்.

"போன வருஷம்தான் சேதி வந்துச்சு. எங்க அக்கா செத்து எட்டு வருஷமாச்சாம். ஆனா போன பண்டிகைக்கும் புல்லு வெட்டியிருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல. தூக்கம் வரலை. அன்னிக்கு நீங்க கூட்டத்துல சொன்னப்பத்தான் தெரிஞ்சுது."

அக்கா எழுந்து போய் ஒரு குவளை பார்லித் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அந்த மனிதர் அதைக் குடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். போகும்போது நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. கேளேன் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். "இப்பக் கேட்டா நான் மனுஷியா?" என்றாள் அவர் போன பிறகு. எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அவள் செய்ததுதான் சரி.

ஏப்ரல் தொடக்கத்தில் சமாதிகளுக்கு மண் போட்டுச் சரிசெய்யும் ஹன்சிக் நாள் வந்தது. நோய்க்காலம் என்பதால் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் குன்றின் உச்சியிலேயே, படையல் முடிந்ததும் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். அக்கா, நான், யேரின் மூன்று பேரும் ஊற்றடியில் நின்றோம். மேலே மந்திரம் படிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பேச்சு உரத்தது, சண்டை என்று தெரிந்தது. அப்புறம் அவர்கள் எல்லாரும் இறங்கி வந்தார்கள். முன்னால் தலைவர், சணல் அங்கியும் குதிரைமயிர்த் தொப்பியுமாக.

அந்த மேட்டின் முன்னால் அவர் நின்றார். பங்காளிகள் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மண்ணில் நெற்றி பட இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டார்.

"இது எங்க அம்மா. உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். இங்க மாடி வீடு வந்தா, பேர் இல்லாத சமாதின்னு மிஷினை வெச்சு வாரிக் கொட்டிடுவான். நகராட்சிக்குக் குடுத்தா இவங்க இங்கயே இருப்பாங்க. நான் நகராட்சிக்குத்தான் கை தூக்கப் போறேன். பிடிக்கலைன்னா வேற தலைவரைப் பார்த்துக்குங்க."

"உணர்ச்சி வேற, நிலம் வேற, அண்ணே" என்றார் தடித்த ஒருவர். கூட்டத்தில் தொடையைத் தட்டிச் சிரித்த அதே ஆள். "ஒரு சின்ன வீட்டுக்காக எல்லாரும் நஷ்டப்படணுமா?"

அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவி ஊன்றுகோலைத் தட்டினாள். தலைவரின் சித்தப்பா மகள், பொக்ஹி என்று பேர்.

"டேய், நீ சும்மா இரு. அறுவது வருஷமா உங்க படையலுக்குச் சமைக்க மட்டும் கூப்பிட்டீங்க. வம்சாவளிப் புத்தகத்துல என் பேரைக்கூடப் போடலை, எம் புருஷன் பேரைப் போட்டிருக்கீங்க. இப்போ கோர்ட்டு சொல்லி எங்களுக்கும் ஓட்டு இருக்கு. இந்தக் குலத்துப் பொண்ணுங்க எத்தனை பேர் வந்திருக்கோம்? கை தூக்குங்கடி."

தூக்கினார்கள். சமையல் பாத்திரத்தோடு நின்றவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். பெண்கள் கை தூக்கியதைப் பார்த்து அவர்களின் அண்ணன் தம்பிகள் சிலரும் தூக்கினார்கள், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டுமே. யேரின் எண்ணிக்கொண்டே வந்தவள், பாதிப் பேரைத் தாண்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பங்காளிகளோடு வந்திருந்த தாக் மாத்திரம் தன் பெட்டியோடு மலையிறங்கிப் போனான். நான் அவனுக்கு வழி விட்டு நின்றேன், ரொம்ப மரியாதையாக.

எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வது. கால் மட்டும் தெரிகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தவள் ஒரு குன்றை வாங்கிக் கொடுத்தாள். அதற்கு அவள் செய்ததெல்லாம், தப்பான மேட்டில் ஒழுங்காகப் புல் வெட்டியதுதான். மல்சுன் அக்கா என்னைப் பார்த்து, "பாட்டனுக்கு வெட்டியிருந்தா ஒரு நன்றியோட முடிஞ்சிருக்கும்டி" என்றாள்.

அதிக மாதம் பிறந்ததும் மூத்த பாட்டனாரை எடுத்தார்கள். அக்கா தைத்த சணல் துணியில் சுற்றி, நாட்டுப்புறத்தில் இருக்கும் குல நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். கெடு முடிவதற்குள் குல முத்திரை தாளில் விழுந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று அக்கா தலைவரைக் கேட்டாளாம். "அங்க போனாலும் ஓரத்துலதான் வைப்பாங்க. இங்க இருக்கட்டும். அவங்ககிட்டேருந்து என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இங்க பிள்ளைங்க சத்தமாவது கேக்கும்" என்றாராம். யேரின் புது வரைபடத்தில் அந்த இடத்துக்கு 'புல் மேடு, மாற்றக்கூடாது' என்று எழுதினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கழிவறை அடிவாரத்தில், என் மில்லுக்குப் பக்கத்திலேயே வந்தது. எள் வாசனையைப் பற்றி இப்போது வாடிக்கையாளர்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள். அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் பூங்கா திறந்தார்கள். மேயர் நாடா வெட்டினார், அக்கா பின்வரிசையில் நின்று கை தட்டினாள். அந்த இலையுதிர்காலத்தில் பண்டிகைக்கு முன்னால் வழக்கம்போல அரிவாள், சோஜு, காய்ந்த மீன் எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் அவளும் மேலே போனோம். அவளுக்கு முட்டி வலி, ஊற்றடியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாள்.

மேட்டில் புல் வெட்டியிருந்தது.

புதிதாக வெட்டிய புல்லின் வாசனை அப்படியே இருந்தது. வெட்டத் தெரியாத கை, அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. மேட்டின் முன்னால் ஒரு குப்பி சோஜு, பாதி ஊற்றியது. பக்கத்தில் இரண்டு காகிதக் கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, எங்களுக்கென்று. அக்கா அரிவாளைக் கீழே வைத்தாள்.

"என் வேலையைப் பிடுங்கிட்டாரேடி" என்றாள்.

புல்லில் உட்கார்ந்து கோப்பையை நிமிர்த்தினோம். கீழேயிருந்து யார் வீட்டுப் பையனோ சறுக்குவதற்கு ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்று, மேட்டைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுவிட்டு மேலே ஏறினான். அக்கா அவனுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.